விமானி கனவு: பணம் கட்டுமுன் கேளுங்கள்



நம் பிள்ளையும் விமானி ஆகலாம். ஆனால் வீட்டை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுமுன் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், அறிவியல், ஆங்கிலத்தில் கிரெடிட் கேட்பார்கள். நான்காம் படிவத்திலேயே பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். இதில் தேறாதவருக்கு வணிக விமானி உரிமம் கிடையாது. பரிசோதனையை முதலில் முடியுங்கள், கட்டணம் பிறகு.

மூன்று, உரிமம் வேறு, வேலை வேறு. 2020-இல் கோவிட் காலத்தில் அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். வேலை போனாலும் கடன் போகாது. விமான நிறுவனமே பயிற்சி தரும் கேடட் திட்டம் வந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தம், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வசதியானவர் பிள்ளைக்குத்தான் என்று ஒதுங்க வேண்டாம். விவரம் தெரிந்து இறங்குவோம்.