கர்ட்டன் ராடு ஏன் பிடுங்கிக்கிட்டு வருது?

இந்த வாரக் கேள்வி கீழவாஞ்சூர்ல இருந்து வந்திருக்கு. நாகூரைத் தாண்டினதும் தமிழ்நாடு முடிஞ்சு காரைக்கால் ஆரம்பிக்கிற கடலோர ஊர். மொட்டைமாடியில இரும்பு சட்டம் நிறுத்தி, வெளியில சிமெண்ட் போர்டு, உள்ளே ஜிப்சம் போர்டு அடிச்சு ரூம் போட்டிருக்காங்க. ஜன்னலுக்கு மேல மாட்டின கர்ட்டன் ராடு ரெண்டு தடவை பிடுங்கிக்கிட்டு வந்துருச்சாம். கீழ கைக்குழந்தை தூங்குற கட்டில். "இன்னும் பெரிய ஸ்க்ரூ போடலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

வேண்டாம். ஸ்க்ரூ பெருசா சின்னதாங்கிறது இங்க விஷயமே இல்லை. அந்த ஸ்க்ரூ எதைப் பிடிச்சிருக்குங்கறதுதான் விஷயம்.

முதல்ல எடையைப் பார்ப்போம். அஞ்சடி அகல ஜன்னலுக்கு, சுருக்கு விழ, பத்தடி துணி வேணும். ஏழடி உயரம். கனமான துணின்னாலும் மொத்தம் ரெண்டு கிலோதான் வரும். ஆனா பிராக்கெட் சுவரை விட்டு 8 செ.மீ. நீட்டிக்கிட்டு நிக்குது. மேல் ஸ்க்ரூவுக்கும் பிராக்கெட்டோட கீழ் விளிம்புக்கும் நடுவுல 4 செ.மீ.தான். அதனால ராடுல தொங்குற எடை, மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும்போது ரெண்டு மடங்கா மாறுது. காலையில அவசரத்துல துணியைப் பிடிச்சு இழுக்கறோம், கடல் காத்து துணியை பாய்மரம் மாதிரி ஊதுது. ஒரு பிராக்கெட்ல 15 கிலோ இழுவை விழுந்தா, ஸ்க்ரூ 30 கிலோவைத் தாங்கணும்.

ஜிப்சம் போர்டு வழக்கமா 12.5 மி.மீ. கனம். ரெண்டு பக்கமும் காகிதம், நடுவுல ஜிப்சம். பின்னாடி வெறும் காத்து. செங்கல் சுவருக்குப் போடுற பிளாஸ்டிக் பிளக் இதுல மெல்ல மெல்லப் பொடியைத் தின்னுக்கிட்டு வெளிய வந்துரும்.

அதனால டிரில்லை எடுக்கறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாருங்க. 'ஜிப்சம்'னு சொல்ற எல்லாச் சுவரும் ஒண்ணு இல்லை. செங்கல் மேல ஜிப்சம் பூச்சு பூசியிருந்தா சத்தம் கெட்டியா வரும். அங்க பூச்சைத் தாண்டி செங்கலுக்குள்ள போற நீளத்துல பிளக்கும் ஸ்க்ரூவும் போதும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துல 2013-ல நாலு வீடு உள்ள மாதிரிக் கட்டடம் ஒண்ணு கட்டினாங்க. அதோட சுவர், கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பேனல். 124 மி.மீ. கனம், உள்ளே வரிசையா பொந்து. சில பொந்துல கான்கிரீட், சில பொந்து காலி. ஒரே சுவர்ல ஒரு இடம் 'டக்', பக்கத்து இடம் 'டொக்'.

நம்ம நேயரோட சுவர் முழுக்க 'டொக்'. ஆனா போர்டுக்குப் பின்னாடி தரையில இருந்து கூரை வரைக்கும் ஸ்டட் ஓடும், வழக்கமா 2 அடிக்கு ஒண்ணு. ஜன்னலோட ரெண்டு ஓரத்துலயும் கட்டாயம் ஒண்ணு இருக்கும். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை சுவர்ல மெதுவா நகர்த்துங்க. போர்டை முடுக்கின ஸ்க்ரூ தலையில அது ஒட்டும். அப்படி ஒட்டுற புள்ளிகள் நேர்கோட்டுல மேலயும் கீழயும் வந்தா, அதுதான் ஸ்டட். பென்சில்ல குறிச்சுக்கோங்க.

பிராக்கெட் வர்ற இடமும் ஸ்டட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அதனால ஜன்னலுக்கு மேல, ரெண்டு பக்கமும் ஸ்டட்டைத் தாண்டுற நீளத்துக்கு ஒரு ரீப்பர் கட்டை வைங்க. 3 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனம் போதும். ஒவ்வொரு ஸ்டட்லயும் ரெண்டு ஸ்க்ரூ, தகரத்தைத் துளைக்கிற வகை. சுவர் கலரையே அதுக்கும் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. பிராக்கெட்டை அந்தக் கட்டையில முடுக்குங்க. இழுவை நாலஞ்சு ஸ்டட்டுக்குப் பிரிஞ்சு போயிரும்.

கட்டை வேண்டாம்னா டாகிள் போல்ட் இருக்கு. ஓட்டைக்குள்ள போனதும் பின்னாடி சிறகு மாதிரி விரிஞ்சு போர்டைப் பிடிச்சுக்கும். லேசான துணிக்கு சரி. குழந்தை கட்டிலுக்கு மேலன்னா என் ஓட்டு கட்டைக்குத்தான்.

கடலோரத்துக்கு ரெண்டு விஷயம். சாதாரண கறுப்பு ஸ்க்ரூ உப்புக் காத்துல சீக்கிரம் துரு பிடிக்கும்; பிராக்கெட்டுக்கு எஸ்.எஸ். ஸ்க்ரூ கேட்டு வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில ஜன்னல் வழியா சாரல் அடிச்சா போர்டு ஊறி பலம் போயிரும். ஊறின போர்டுல எதையும் மாட்டாதீங்க, அந்தத் துண்டை மாத்துங்க.

ஏசி பாயிண்ட், ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கிற நேர்கோட்டுல துளை போடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலையைத் தொடங்குங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க.

மாட்டினதும், துணி போடறதுக்கு முன்னாடி ராடை ரெண்டு கையால நல்லா கீழ இழுத்துப் பாருங்க. அசைஞ்சா அன்னைக்கே கழட்டிடுங்க. அசையலைன்னாலும் அது துணிக்கு மட்டும்தான். மழைக்காலத்துல ஈர டவலை அதுல போடாதீங்க, கொசுவலையைக் கட்டாதீங்க. தூளி? பேச்சே கிடையாது.

உங்க வீட்டுச் சுவர் 'டக்'கா 'டொக்'கா? தட்டிப் பார்த்து வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.