கருமருந்துத் துப்பாக்கியும் காந்தள் மலரும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆயுத பூசையன்று நம் ஹெப்பகோடித் தொழிற்சாலைகளிலே கடைசல் இயந்திரத்திற்குச் சந்தனம் இட்டு மாலை சூட்டுகின்றோம். கருவியைப் போற்றுதல் மாலை சூட்டுவதோடு முடிந்துவிடுமா? நாம் வாழும் இக் கன்னட நாட்டின் மேற்கே, குடகு மக்கள் இவ்வினாவிற்கு அழகியதொரு விடை வைத்திருக்கின்றனர்.

நாற்று நடவு முடிந்தபின், செப்டம்பர்த் தொடக்கத்தில், அவர்கள் 'கைல்போள்து' என்னும் ஆயுதத் திருவிழாக் கொண்டாடுகின்றனர். உழவுக் காலத்தில் ஒதுக்கி வைத்த துப்பாக்கிகளையும் கத்திகளையும் அன்று வெளியே எடுத்துத் துடைத்துத் தூய்மை செய்து, வழிபாட்டறையில் வைத்து மலர் சூட்டுவர். அம்மலர் யாது? நம் தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளே! குடகர் அதனைத் 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்றே அழைக்கின்றனர். முதலில் துடைப்பு, பின்னரே பூ. இவ்வரிசை கருத்திற் கொள்ளத் தக்கது.

துடைப்பு ஏன் அத்துணை இன்றியமையாதது? பழந்துப்பாக்கிக்கு உணவு கருமருந்து. ஏறத்தாழ வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது அது. எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்குமேல் திடப் பொருளாகும்; அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். அப்படிவில் உள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலமாயின் ஓர் இரவிலேயே இரும்பைத் துரு பற்றும். வெறும் எண்ணெய் பூசினால் உப்புக் கரையாது. எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். ஆகவே முதலில் வெந்நீர், அடுத்து உலர்ந்த துணி, முற்றிலும் ஈரம் நீங்கிய பின்னரே எண்ணெய். நீரைக் கண்டு இரும்பு அஞ்சும் என்பர். இங்கோ நீரே முதல் மருந்து!

பேணாவிடின் நேர்வது யாது? 2018-ஆம் ஆண்டு சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பாழடைந்த கிணறொன்றிலிருந்து திப்பு சுல்தான் காலத்து இரும்புக் குழல் ஏவுகணைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. மேனாட்டுப் படைகளையே மலைக்கச் செய்த அவை, துருவேறிய நிலையிலேதான் நம் கைக்குக் கிடைத்தன.

எனினும், மிகுதியாகத் துடைப்பதும் கேடே. உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கினால், குழலில் பொறித்த எழுத்தும் கொல்லன் முத்திரையும் அழிந்துபோம். காலம் தந்த கருமையும் அப்பொருளின் வரலாறேயாகும். செந்துருவை மட்டும் எண்ணெயும் மென்துணியும் கொண்டு பொறுமையாக நீக்குதல் வேண்டும். கைவியர்வையில் உப்பு உண்டு. ஆதலின் வெறுங்கையாற் குழலைத் தொடலாகாது. கட்டையை நீரில் நனைத்தலும் கூடாது.

எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க் காப்பு. ஈரம் புகாத கருமருந்து ஆண்டுகள் பல கழிந்தாலும் வெடிக்கும். துடைக்கத் தொடங்குமுன், மரக்கோலைக் குழலுள் மெல்ல விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதே கோலை வெளியே குழலின்மீது வைத்துப் பார்க்க வேண்டும். தீத்துளை வரை அஃது எட்டவில்லையெனின் உள்ளே ஏதோ இருக்கின்றது என்பது பொருள். அதன்பின் அதனைத் தொடாது, அறிந்தோரிடம் விடுவதே அறிவுடைமை.

குடகர்க்கும், அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்க்கும் துப்பாக்கி உரிமத்தினின்று விலக்கு உண்டு. 2019-இல் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. நமக்கு அவ்விலக்கு இல்லை. சுடக்கூடிய நிலையிலுள்ள துப்பாக்கி எத்துணைப் பழையதாயினும் உரிமம் வேண்டும்.

அன்பர்களே! ஊரிலுள்ள நம் பழைய வீடுகளில் பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி பரண்மீது கிடக்கலாம். விடுமுறைக்குச் செல்லும் பிள்ளைகள் அதனை விளையாட்டாக எடுக்க விடாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடவும் வேண்டா. காவல் நிலையத்தார்க்கு அறிவியுங்கள். அருமையுடைய பொருளாயின் அருங்காட்சியகத்தார்க்கும் தெரிவியுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் இன்றும் நம் பிள்ளைகள் காணக் கிடைப்பது, அவற்றை ஒருவர் கொடுத்து மற்றொருவர் பேணியதாலன்றோ?