வயிறு பெருத்த பிள்ளை



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். மெலிந்த கைகால்கள், முன்தள்ளிய வயிறு. உடன் பயின்றோர் அவனைப் 'பானை வயிறன்' என்று நகைத்தனர். பூச்சி மருந்து கொடுக்குமாறு அவன் தாயாருக்குப் புத்தி சொன்னவன் நானே. மாதங்கள் சில வீணே கழிந்தன. பின்னர், வைத்தியர் ஒருவர் வயிற்றிலே கை வைத்த மாத்திரத்தே, "இது பூச்சியன்று, மண்ணீரல் வீங்கியிருக்கிறது" என்றார். மலேரியாவே காரணமாயிருந்தது. மருந்தினால் பிள்ளை தேறினான்.

இலங்கையில் மலேரியாவின் பரவலை அறிதற்குப் பாடசாலைப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. 2016 ஆம் ஆண்டிலோ, மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. ஆதலின், இன்று ஒரு பிள்ளையின் மண்ணீரல் வீங்குமாயின், வேறு காரணங்களையும் தேடுதல் வேண்டும். அவற்றுள் அரிதான ஒன்று கோஷே நோய்.

பிலிப் கோஷே என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1882 இல் இதனை விவரித்தார். மண்ணீரலில் தோன்றிய கட்டியென்றே அவர் கருதினார். உண்மைக் காரணம் 1965 இலேதான் தெளிவாயிற்று. பழைய இரத்தக் கலங்களை அகற்றும் துப்புரவுக் கலங்கள் நம் உடலில் உள்ளன. அக்கலங்களில் சேரும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியம் இப்பிள்ளைகளுக்குப் போதிய அளவில் இல்லை. அள்ளிய குப்பை எரிக்கப்படாது முற்றத்திலே குவிவதுபோல, அக்கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பினுள்ளும் தேங்குகிறது.

வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்கும். இரண்டு கவளத்திலே பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். இரத்தக் கலங்கள் அங்கே சிறைப்படுதலால் சோகையும், மூக்கில் இரத்தம் வடிதலும், தோலில் கன்றிய தழும்புகளும் உண்டாகும். மண்ணீரலின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால், இடப்பக்க வயிற்றிலே கடும் நோவு எழும். பலத்த அடி பட்டால் மண்ணீரல் கிழிதலும் கூடும். ஆகையால், இத்தகைய பிள்ளையை முரட்டு விளையாட்டில் இறக்காதீர்கள். எண்ணெய் பூசி வயிற்றை அழுத்தி உருவாதீர்கள்.

இஃது எவர் செய்த பாவமுமன்று. தாயும் தந்தையும் நலமாயிருந்தே, குறையுள்ள மரபணுவை ஆளுக்கொன்றாய்த் தாங்கியிருப்பர். அவர்தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவிலே மணம் முடிக்கும் குடும்பங்களில், தாயும் தந்தையும் இருவருமே அம்மரபணுவைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுதலாகும்.

முன்னர் மண்ணீரலை அறுத்தெடுப்பதே வழியாயிருந்தது. அதனால் கிருமித் தொற்றுக்கு இடமுண்டாயிற்று. எலும்பு நோயும் கூடிற்று. 1991 முதல், இல்லாத நொதியத்தை நரம்பு வழியே ஏற்றும் சிகிச்சை வழங்கப்படுகிறது. அதனால் வீக்கம் வற்றுகிறது. மூளையைத் தாக்கும் வகைக்கு மட்டும் அது போதாது. வாழ்நாள் முழுவதும் வேண்டப்படும் அம்மருந்தின் விலையோ ஏழைக்கு எட்டாதது. 2014 இல் டில்லி உயர் நீதிமன்றம், இந்நோயுற்ற ஓர் ஏழைச் சிறுவனுக்கு மருந்தை இலவசமாய் வழங்குமாறு டில்லி அரசுக்குக் கட்டளையிட்டது. ஒரு பிள்ளையின் உயிர் அவனைப் பெற்றோரின் பொறுப்பு மாத்திரமன்று என்பதே அத்தீர்ப்பு நமக்கு உணர்த்தும் பாடம்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென ஒரு வைத்தியசாலை, எங்கள் இணுவிலிலே 1898 இல் எழுந்தது. அத்தகைய ஊரில் வாழ்ந்தும், அன்று நான் ஒரு பிள்ளையின் வயிற்றைக் கண்டு வாளாவிருந்தேன். ஆசிரியர்களே, பெற்றோர்களே, நீங்கள் அவ்வாறு இராதீர்கள். நோயின் பெயரை அறிதல் வைத்தியரின் கடமை; பிள்ளையை உரிய காலத்தில் அவரிடம் கொண்டு செல்லுதல் நமது கடமை.