கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மழை பெய்தால் கூரை ஒழுகுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். முன்கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. மாலை 4 மணிக்கு வானம் கறுக்கும். வீட்டில் இருக்கும் பாட்டி பழைய துண்டை முறுக்கிக் கதவடியில் திணிப்பார். அரை மணி நேரத்தில் துண்டு ஊறிவிடும். அதைப் பிழிந்துவிட்டு வரலாம் என்று எழுந்து நடக்கும்போது நனைந்த பளிங்குத் தரையில் கால் வழுக்கும். முதியவர்கள் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் விழுவதற்குப் பெரிய வெள்ளம் தேவையில்லை. இரண்டு குவளைத் தண்ணீரே போதும். சின்னக் காரியமாகத் தோன்றும் இது கருத்தரங்கு மேடைக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

பங்சாரை எடுத்துக்கொள்வோம். இன்று உணவகங்களும் உயர்ந்த வாடகையும் நினைவுக்கு வரும் இந்தப் பகுதி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியத் தொழில் அதிபர்களின் பெயர்கள் இணைந்து மருவியே 'பங்சார்' ஆனது என்று சொல்லப்படுகிறது. இந்நாட்டுத் தோட்டங்களில் நம்மவர்கள் வாழ்ந்த பழைய லயங்களில் பல, மண்ணிலிருந்து உயர்த்தி, கால்கள் மீது கட்டப்பட்டவை. கம்பத்து மலாய் வீடுகளும் அப்படியே. வசதி குறைந்த வீடுகள்தான், ஆனால் மழைநீர் தரையோடு ஓடி வாசலுக்குள் நுழைய வழியில்லை. ஊரில் முன்னோர் கட்டிய வீடுகளிலோ திண்ணை உண்டு, தாழ்வாரம் உண்டு, குனிந்து தாண்ட வேண்டிய உயரமான நிலைப்படி உண்டு. நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தவர்கள் மழைக்கும் பாம்புக்கும் சேர்த்தே அதை அமைத்தார்கள்.

தோட்டம் போய்க் குடியிருப்பு வந்த பிறகு வரிசை வீடுகள் எழுந்தன. அந்தப் பழைய வீடுகளிலும் கார் நிறுத்தும் முற்றத்துக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு படி உயரம் இருக்கும். அது பிறகு எங்கே போனது? வீட்டுக்காரர்களே அதை அழித்தார்கள் என்பதுதான் உண்மை. முற்றத்தில் பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓடு பதிப்பார்கள். சிமெண்டுப் பூச்சும் ஓடுமாகச் சேர்ந்து தரை 3, 4 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கால்வாயை நோக்கி இருக்க வேண்டிய சரிவும் அந்த வேலையில் மட்டமாகிவிடும், சில வீடுகளில் வாசலை நோக்கியே திரும்பிவிடும். இன்னொரு முறை வீட்டைப் புதுப்பிக்கும்போது கூரையை முன்னே நீட்டுகிறார்கள், ஆனால் நீட்டிய கூரைக்குத் தண்ணீர்த் தாரை வைக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு, "முன்பெல்லாம் தண்ணீர் வராதே, இப்போது ஏன் வருகிறது?" என்று கேட்கிறார்கள்.

மழையும் சாதாரண மழையல்ல. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும், பருவக்காற்று மாறும் மாதங்களில் அது உச்சத்துக்குப் போகும். மாலை இடிமழை ஒரு வகை. சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் சூறைக்காற்று மழை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் பாய்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கதவில் மோதினால், அந்த அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேலே தள்ள வல்லது. அதாவது, கதவடியில் அரை அங்குல உயரத்துக்குக் கல்லைப் பதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் வீட்டிலும், சூறைக்காற்று அடிக்கும்போது தண்ணீர் அதை ஏறித் தாண்டிவிடும். கல் மட்டும் போதாது, காற்றையும் தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

காற்றைத் தடுப்பது மழைக்கு மட்டுமல்ல. 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது 90 சதுர சென்டிமீட்டர். சுவரில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டதற்குச் சமம். சுவரில் அப்படியோர் ஓட்டை இருந்தால் அன்றே அடைத்துவிடுவார்கள். கதவடியில் நீளமாகப் படுத்திருப்பதால் கண்ணில் படுவதில்லை! குளிர்சாதனம் ஓடும் அறைக்குள் அந்த வழியாக ஈரக்காற்று புகுந்துகொண்டே இருக்கும், மின்சாரக் கட்டணம் ஏறும். வளர்ந்த கரப்பான்பூச்சி 3 மில்லிமீட்டர் பிளவிலேயே உடலை நசுக்கிக்கொண்டு நுழையும் என்று 2016இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுண்டெலிக்கு ஒரு பென்சில் பருமன் போதும்.

புகைமூட்டத்தை மறக்க முடியுமா? 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் கதவடி இடைவெளி ஒரு மருத்துவப் பிரச்சினை. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கதவடியை மட்டும் அடைத்துவிட்டு, குளியலறையின் கண்ணாடித் தட்டு ஜன்னலையும் பழைய ஜன்னல்களுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளையும் திறந்தே விட்டால் பயன் குறைவு. புகைத்துகள் அங்கே சுகமாக நுழையும். பிள்ளை படுக்கும் ஓர் அறையைத் தேர்ந்து, அதன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து, உள்ளே காற்று வடிகட்டும் கருவி ஒன்றை ஓடவிடுவதே அறிவார்ந்த வழி. புகை குறையும் வேளையில் அறையைத் திறந்து காற்றோட்டம் விடவும் வேண்டும்.

சரி, எப்படி அடைப்பது?

முதலில் கீலைப் பாருங்கள். இதைச் சொல்லாமல் நேரே ரப்பர் பட்டை விற்பவர்கள்தான் அதிகம். கீலின் திருகாணி தளர்ந்தால் கைப்பிடிப் பக்கம் கதவு தொங்கி, தரையில் உரசும். உடனே தச்சரைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தை இழைத்துவிடுவார்கள். பிறகு யாராவது கீலை இறுக்கினால் கதவு மேலே ஏறும், அடியில் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 15 மில்லிமீட்டர் என்று சாய்வான இடைவெளி மிஞ்சும். இழைத்த அடிப்பக்கத்துக்கு யாரும் சாயம் பூசுவதில்லை என்பது அடுத்த கோளாறு. சாயமில்லாத அந்த விளிம்பு வழியாகத்தான் மரம் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, உளுத்துப் போகிறது. ஆகவே கீலை இறுக்கி, கதவைக் கழற்றி, அடிவிளிம்பு காய்ந்த பிறகு சாயமோ வார்னிஷோ இரண்டு பூச்சு கொடுத்து, மீண்டும் மாட்டிய பிறகே அளவெடுக்க வேண்டும். இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். தரை எந்த வீட்டிலும் முழு மட்டமாக இருப்பதில்லை.

அடுத்து, எந்தப் பட்டை? இரவுச் சந்தையில் கிடைக்கும், துணி உறைக்குள் இரண்டு பஞ்சு உருளை வைத்த வகை படுக்கையறைக்கு நல்லது. குளிர்சாதனக் காற்றைக் காக்கும். அதை முன்கதவுக்கு மாட்டினால் மழைநீரைக் குடித்து ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பிரஷ் போல முடி வைத்த பட்டை, தரை மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் தூசியையும் பூச்சியையும் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. மழைக்கு உரியது, அலுமினியச் சட்டத்தில் செருகிய ரப்பர் அல்லது சிலிக்கோன் நாக்கு. பின்னால் ஒட்டும் பசை மட்டும் உள்ள பட்டை இந்த நாட்டு ஈரத்தில் நிற்காது. திருகாணியால் பிடிக்கும் வகையையே வாங்க வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி.

உள்பக்கம் திறக்கும் கதவுக்கு, பட்டை கதவின் உள்முகத்தில் வரும். வெளிப்பக்கம் திறப்பதானால் வெளிமுகத்தில். ரப்பர் நாக்கு தரையைத் தொட்டு 2, 3 மில்லிமீட்டர் வளைந்தால் சரியான அளவு. அதற்கு மேல் அழுத்தினால் கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். கதவின் வெளிமுகத்தில், அடியிலிருந்து சற்று மேலே, சரிவான மழைத் தடுப்புக் கட்டை ஒன்றையும் பொருத்துவது மிக நல்லது. கதவின் மேல் வழிந்து வரும் தண்ணீரை அது வாசலுக்கு வெளியே தள்ளிச் சொட்டவிடும். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். ஆனால் கடைகளில் அதைக் கேட்பவர்கள் குறைவு.

தரையில் பதிக்கும் அலுமினிய வாசல்பட்டை மூன்றாவது காவல். அடியில் சிலிக்கோன் பசை நிரப்பிப் பதிக்க வேண்டும். தள்ளுவண்டியில் இருப்பவரோ, காலை இழுத்து நடக்கும் முதியவரோ வீட்டில் இருந்தால் இருபுறமும் சரிவான, உயரம் குறைந்த வகையைத் தேடி வாங்குங்கள். தண்ணீரைத் தடுக்கப் போய்த் தடுக்கி விழ வைத்துவிடக் கூடாது.

இங்கே பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "நிலைப்படியில் துளை போடலாமா? லட்சுமி வாசம் செய்யும் இடமாயிற்றே?" கேலி செய்ய வேண்டிய கேள்வி அல்ல அது. ரப்பர் பட்டையும் மழைத் தடுப்புக் கட்டையும் கதவுப் பலகையில்தான் ஏறுகின்றன, நிலையைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு அந்த இரண்டுமே போதும். தரைப் பட்டை வேண்டுமென்றாலும், படிக்கு உள்ளே தள்ளித் தரையில் பதிக்கலாம். மாமியாருக்கும் மனக்குறை இல்லை, மருமகளுக்கும் தரை துடைக்கும் வேலை இல்லை.

பொருத்திய பின் சோதிக்க வேண்டும். இரவில் வெளியே ஒருவர் கைவிளக்கைப் பிடித்துத் தரையோடு அடிக்க, உள்ளே விளக்கணைத்துப் பார்த்தால் எங்கே வெளிச்சம் கசிகிறது என்பது தெரியும். காற்றுள்ள வேளையில் பூசையறை ஊதுபத்தியைக் கதவடியில் பிடித்தால் புகை வளையும் இடமே ஓட்டை. பெரும்பாலும் அது இரண்டு மூலைகளில், பட்டை நிலையோடு சேரும் இடத்தில் இருக்கும்.

எங்கே அடைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயுத் தோம்பு வீட்டுக்குள் இருந்தால் அந்தச் சமையலறையின் பின்கதவடியை இறுக அடைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தங்கும். தோம்பை வெளியே மாற்றிய பிறகு அடைப்பதே முறை. குளியலறைக் கதவடியிலும் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் காற்றை வெளியேற்றும் விசிறி வீணாகச் சுழலும். அடுக்குமாடி வீடுகளின் முன்கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. அதை இழைக்கவோ துளையிடவோ நிர்வாகத்தைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

கடைசியாக, இது வெள்ளத் தடுப்பு அல்ல. கோலாலம்பூர் 1971 ஜனவரியில் பெருவெள்ளத்தைப் பார்த்தது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் பிறகும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரை மேல் ஏறி நின்றதை மறக்க முடியாது. 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் முன் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது கதவை ஏறத்தாழ 40 கிலோ எடையின் விசையோடு தள்ளும். 60 சென்டிமீட்டர் நின்றால் 80 அல்ல, 160 கிலோ! ரப்பர் நாக்கு என்ன செய்யும்? தண்ணீர் குளியலறைத் துவாரம் வழியாகவும் பின்வாங்கி மேலே வரும். பங்சாரின் பெரும்பகுதி மேட்டு நிலம்தான், ஆனாலும் மேட்டின் அடிவாரத்து வீடுகளுக்குச் சரிவுத் தண்ணீர் வாசலைத் தேடி வரும். அவர்கள் செய்ய வேண்டியது முன்முற்றத்தில் கதவுக்கு முன்னே குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, இரும்புக் கம்பி மூடி போட்டு, தெருக் கால்வாயோடு இணைப்பது. அதில் இலை அடைக்காமல் பார்ப்பது வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை. தரையில் கிடக்கும் மின்நீட்டிப்புக் கம்பியை இன்றே சுவரில் உயர்த்தி மாட்டிவிடுங்கள்.

ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்துப் போகும். மேற்கு பார்த்த வாசலில் இன்னும் சீக்கிரம். செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கண்டால் சட்டம் அப்படியே இருக்கட்டும், நாக்கை மட்டும் உருவிப் புதியதைச் செருகினால் போதும். வாங்கும்போதே கடையில், "இதற்கு ரப்பர் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்க வேண்டும்.