கடலோர வீட்டில் கூரையைப் பாருங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கிளம்பிவிடுகின்றன. நமக்கு மலை பக்கம், கடல் தூரம். அதனால் ஜன்னலைத் திறந்தால் அலை தெரிய வேண்டும் என்று கரையோரமாகவே வீடு பிடிக்கிறோம். படத்தில் பளிச்சென்று இருக்கும். போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் விழாது, குழாயில் உப்புத் தண்ணீர் வரும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும். அதையெல்லாம் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். கட்டட வேலையில் இருக்கிற நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது கூரையை.

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வீட்டில் தங்கினோம். படுக்கையறைக் கூரைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதையும் மீறி, அரை அடிக்கு ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நேரான பழுப்புக் கோடுகள். ஒட்டடைக் குச்சியின் அடியால் மெல்லத் தட்டினேன். நல்ல கான்கிரீட் 'டக் டக்' என்னும். இது 'பொத் பொத்' என்றது. அடுத்த தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து மெத்தையில் விழுந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாக உரிந்து, விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. "ஏனுங்க, புள்ளைக படுக்கற எடமுங்க இது" என்றார் என் மனைவி. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஓட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது? கான்கிரீட்டின் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது; பிறகு கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த இடத்துக்காகத்தான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே பெயின்ட் அடித்தால் கறை மறையும். துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். உப்பு கம்பியை எட்டத் தாமதமாக வேண்டுமானால், கம்பிக்குக் கீழே அதை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது 'கவர்', கனமாக இருக்க வேண்டும். நம்மூர் வீட்டுக்குள் கூரைக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 விதி கேட்பது 45 மில்லிமீட்டர், அதோடு எம்30 கான்கிரீட். நான் தட்டிப் பார்த்த வாடகை வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது.

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பனையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். அங்கே வீசும் காற்றுதான் உங்கள் வாடகை வீட்டிலும் வீசுகிறது. தனுஷ்கோடிக்குப் போனால் பவளக் கல்லால் கட்டிய தேவாலயத்தைத் தொட்டுப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோன பின்னும் சுவர் நிற்கிறது. உள்ளிருந்து பிளக்க அதில் கம்பி கிடையாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது அந்தக் கருவியே இல்லாவிட்டால், ஈரக் கையோடு கெய்சர் பக்கம் போகாதீர்கள். பால்கனிக் கைப்பிடி தரையில் பதிந்திருக்கும் அடி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளைகளைச் சாய விடுங்கள். முன்பணம் அனுப்பும் முன்பு, ஜன்னல் படத்தோடு கூரைப் படம் ஒன்றும் அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கடலில் ஆசை தீரக் குளித்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.