வேம்பும் காலடியும்



கள்ளக்குறிச்சியில் என் நடைக்குழுவினர் கைப்பேசியில் ஒரு நலச்செயலி வைத்திருக்கிறோம். யார் எத்தனை அடி நடந்தார் என்று ஒவ்வோர் இரவும் அது வரிசைப்படுத்தும். நாளுக்கு 10,000 அடி என்னும் இலக்கு மருத்துவ நூலில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்னும் கருவியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான் பொருள். ஆயினும் அவ்வெண்ணை எட்டாத நாள்களில் நான் நாணியதுண்டு. கல்வராயன் மலையில் விறகு சுமந்து ஏறி இறங்கும் தாய்க்கோ இந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஒப்பிடத் தகாதவரை ஒப்பிட்டு வருந்தச் செய்வது இதன் முதற்குறை. இரண்டாம் குறையை நோயுற்றபோது அறிந்தேன்.

சென்ற ஆண்டு பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். குடும்பத்தாரன்றிப் பிறர் அறிய வேண்டாமென்று இருந்தேன். வீடு திரும்புமுன்னே நல விசாரிப்புகள் வந்து சேர்ந்தன. பட்டியலில் என் பெயருக்கு நேரே நூறைத் தாண்டாத எண்கள் பதினொரு நாளும் நின்றிருந்தன. நண்பர்கள் அன்பினால்தான் கேட்டார்கள். எனினும் சொல்வதா, வேண்டாவா என்னும் உரிமை என் கையை விட்டுப் போயிருந்தது.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். விடை நம் மரபிலேயே இருக்கிறது. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நக்கீரரின் நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் இல்லை. வேலின் தலையில் கட்டிய வேம்பு மட்டும் உண்டு. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ ஆதலின், அப்பாட்டு புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர்.

2017 நவம்பரில் ‘ஸ்டிராவா’ நிறுவனம், தன் செயலியைப் பயன்படுத்துவோர் ஓடிய தடங்களைத் தொகுத்து உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஆனால் ஆப்கானித்தானம், சிரியா ஆகிய நாடுகளின் வெற்றுவெளிகளில் படைமுகாம்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிவதை 2018 சனவரியில் கண்டு உலகம் திடுக்கிட்டது. நெரிசல் மிகுந்த நகரில் ஒரு தடம் கரைந்துவிடும். ஆளரவம் குறைந்த இடத்தில் அதுவே வேம்பாகிவிடும். கல்வராயன் மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரே ஒரு கைப்பேசி நாள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால், அதற்கு மேல் பெயர் எதற்கு?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அகத்துக்கு வேலி கட்டிய மொழியில் எழுதும் நமக்கு அத்தீர்ப்பு புதிதன்று.

நான் பட்டியலிலிருந்து விலகிவிட்டேன்; நடையை விடவில்லை. மறைக்க விரும்பிய நோயை இன்று நானே உங்களிடம் சொன்னேன். நானாகச் சொன்னதில் வருத்தமில்லை.