சாரணர் இயக்கத்தில் நம் குழந்தைகள்

சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்குப் பதினைந்து நிமிஷம் முன்னுரைக்கே போதாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

1988-ல் என் பையன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஸ்கௌட்டாக இருந்தான். ஒரு நாள் ஏழு நாள் முகாமுக்கான சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அரைப் பரீட்சை நெருங்குகிறது, கணக்கில் போன தடவை 82 தான், முதலில் மார்க், அப்புறம் முகாம் என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் ஸ்கௌட்டையே விட்டுவிட்டான். கணக்கில் 96 வாங்கினான், என்ஜினீயர் ஆனான், எல்லாம் சரி. வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டுமானால் ஆளைக் கூப்பிடுகிறான். நான் அன்றைக்குக் கையெழுத்துப் போடாததுதான் இதற்குக் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவன் அப்படித்தான் சொல்கிறான்.

போன வருஷம் அவன் பெண் அதே மாதிரி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா ஊரில் இல்லை. நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு உங்கள் முன் நின்று பேசும் யோக்கியதை எனக்கு அந்த இரண்டு காகிதங்களால் வந்ததுதான்.

இந்தியாவில் சாரணர் இயக்கம் முதலில் தொடங்கியது எங்கே என்று கேட்டால் பலர் கல்கத்தா, பம்பாய் என்பார்கள். இல்லை. நம் பெங்களூரில்தான். 1909-ல் கேப்டன் பேக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரி முதல் துருப்பை இங்கே ஆரம்பித்தார். பிஷப் காட்டன் பள்ளியை அதன் பிறப்பிடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் துருப்பில் இந்தியப் பையன்களுக்கு இடம் கிடையாது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும். வேலிக்கு வெளியே நின்று அவர்கள் கூடாரம் அடிப்பதை நம் ஊர்ப் பையன்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் உதவியோடு, இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். சீருடையில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இங்கிலீஷ் பாட்டுக்குப் பதில் நம் பாட்டு. வடக்கே ஸ்ரீராம் பாஜ்பாய், மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நடத்தினார்கள். மத்திய மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளைச் சாரணர்களாக்கியவர் விவியன் போஸ். பிற்பாடு சுப்ரீம் கோர்ட் நீதிபதியானவர். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பெரிய இயக்கத்தோடு சேர்ந்தது. இப்படிப் பல கிளைகளாக இருந்தவை 1950 நவம்பர் 7-ம் தேதி பாரத் ஸ்கௌட்ஸ் அண்ட் கைட்ஸ் என்ற ஒரே அமைப்பாயின. பெண்களின் கைடு சங்கம் 1951-ல் வந்து சேர்ந்தது. இந்தச் சரித்திரத்தை எதற்குச் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேர்வது எப்படி? உங்கள் குழந்தையின் பள்ளியில் சாரணர் துருப்பு இருந்தால் வேலை சுலபம், ஆசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். ஐந்திலிருந்து பத்து வயது வரை பையன்கள் கப், பெண்கள் புல்புல். தமிழ்நாட்டில் இவர்களைக் குருளையர், நீலப் பறவையர் என்று அழகாகச் சொல்கிறார்கள். பத்து முடிந்தால் சாரணர், சாரணியர். அதற்கு மேல் கல்லூரி வயதுப் பிள்ளைகள் 25 வரை ரோவர், ரேஞ்சர். ஆகவே எங்கள் பையன் பி.இ. சேர்ந்துவிட்டானே, வயசாகிவிட்டதே என்று யாரும் சொல்ல வேண்டாம். பள்ளியில் துருப்பு இல்லையா? எந்தப் பள்ளியையும் சேராத ஓபன் குரூப் என்று உண்டு. கோவில், காலனி, சங்கம் எதிலும் நடத்தலாம். மாநில அலுவலகம் பேலஸ் ரோட்டில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் பக்கத்தில் எங்கே குரூப் இருக்கிறது என்று சொல்வார்கள்.

என்.சி.சி.யும் நல்லதுதான். ஆனால் படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ அந்தப் பிரிவு இருக்க வேண்டும். 1969-ல் வந்த என்.எஸ்.எஸ். பெரும்பாலும் கல்லூரி மாணவர்களுக்கு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்கௌட்தான் வாசல்.

உள்ளே போனதும் பிரவேஷ், பிறகு பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ராஜ்ய புரஸ்கார், கடைசியில் ராஷ்டிரபதி விருது. எல்லாம் கையால் செய்து காட்ட வேண்டியவை. நான் பி.எஸ்ஸி. பௌதிகம். உராய்வைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ரீஃப் நாட் என்ற முடிச்சில் வலதை இடதின் மேல் போட்டபின் இடதை வலதின் மேல் போட வேண்டும், மாற்றிப் போட்டால் வழுக்கும் என்பதை என் பேத்திதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். தப்பாகப் போட்ட முடிச்சுக்கு கிரானி நாட், அதாவது பாட்டி முடிச்சு என்று பெயராம். என் சம்சாரத்துக்கு அது ரசிக்கவில்லை.

இனி, எல்லோரும் மனசில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். நுழையும்போதே ஒரு மாமி என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டுவிட்டார்: "முகாம்ல யார் மாமா சமைக்கறா? முட்டை கிட்டை கலந்துடுவாளா?"

சமைப்பது குழந்தைகளேதான். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஒரு பேட்ரோல், அதற்கு ஒரு தலைவர். அடுப்பு மூட்டுவதும் அரிசி களைவதும் அவர்கள் வேலை. நான் பார்த்த முகாம்களில் சைவச் சாப்பாடுதான். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. என் பேத்தி முதல் நாள் வைத்த சாதம் அடியில் கருகி மேலே நறுக்கரிசியாக இருந்ததாம். விறகை வெளியே இழுத்துத் தணலில் வை என்று சொல்லிக் கொடுத்தவள் கோலார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். வீட்டில் தினமும் விறகடுப்பில் சமைப்பவள். பதிலுக்கு இவள் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்லை தாத்தா" என்றாள். அந்த பதில் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ராஷ்டிரபதி விருது வாங்கினால் உத்தியோகத்துக்கு உபயோகமா என்று கேட்பவர்களுக்கு: ரயில்வேயில் சாரணர்களுக்கென்று ஒரு கோட்டா இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும்.

போன கமிட்டி மீட்டிங்கில் ஒரு யோசனை வந்தது. நம் ஹாலிலேயே ஒரு ஓபன் குரூப் தொடங்கலாம், நம் குழந்தைகளுக்கு மட்டும் என்று. பாதுகாப்பாக இருக்கும், சாப்பாட்டுப் பிரச்னை இல்லை என்று சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். முதல் பாதியை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். மட்டும் என்ற வார்த்தையை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஜாதி, மதம், இனம் பாராமல் எல்லோருக்கும் திறந்திருப்பது அந்த இயக்கத்தின் அடிப்படை விதி. விதி இல்லாவிட்டாலும், 1909-ல் இதே ஊரில் நம்மை வேலிக்கு வெளியே நிறுத்தினார்களே, அதே வேலியை நம் ஹாலைச் சுற்றி நாமே போடுவதா? எதிர் வீட்டு வாட்ச்மேன் பையனும் பின் தெருத் தையற்காரர் பெண்ணும் வரட்டும். விறகடுப்பு மூட்டச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாமா? கமிட்டியில் எல்லோருக்கும் இதில் சம்மதமில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டெடுப்பு அடுத்த மாதம். அதனால்தான் இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

குழந்தைகள் கிடைப்பார்கள். நடத்தப் பெரியவர்கள்தான் கிடைப்பதில்லை. ஸ்கௌட் மாஸ்டர் ஆக ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி உண்டு. தொட்டபள்ளாபூரில் அன்னி பெசன்ட் பெயரிலேயே பயிற்சி மையம் இருக்கிறது. சாரணியருக்கு ஸ்திரீகள்தான் கேப்டனாக இருக்க முடியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் எனக்கு வேண்டும். வயது முப்பது நாற்பதாக இருந்தால் உத்தமம், முழங்கால் ஒத்துழைக்கும். கணக்கு எழுத, கடிதம் போட, ஆபீஸ் ஆபீஸாக அலைய நான் இருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் அதைத்தானே செய்தேன்.

இரண்டு நோட்டுகள் வாசலில் மேஜை மேல் இருக்கின்றன. நீல அட்டை குழந்தைகள் பெயருக்கு, சிவப்பு அட்டை பெரியவர்கள் பெயருக்கு. சிவப்பு நோட்டில் முதல் பெயர் என் பையனுடையது. நேற்று ராத்திரி அவனே எழுதினான். காபி ரெடி என்று சமையற்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள்.